இரண்டு உச்சிக்கு நடுவே

மார்ச் 9, ஞாயிறு
முட்டி கழன்று விழுகிறது. ஆனால் இரட்டை மலையில் இரண்டு உச்சியும் ஏறியாகிவிட்டது! காட்டுப் பாதையில் ஏறினால் சின்ன உச்சி. அங்கிருந்து நடுப்பள்ளத்தில் இறங்கி, மறுபக்கம் பாறையைப் பிடித்து ஏறினால் பெரிய உச்சி. பள்ளத்தில் மனைவிக்கு மூச்சு வாங்கியது. "நீ இங்கேயே உக்காரு, இதோ வந்துடறேன்" என்று நான் மட்டும் ஏறினேன். மேலே யாரோ ஒருவர் படம் எடுத்துக் கொடுத்தார். பிரமாதம்.
திரும்பும் வழியெல்லாம் இவள் பேசவில்லை. களைப்பு போல.

மார்ச் 10, திங்கள்
களைப்பு இல்லை. காபியை வைத்துக்கொண்டே சொன்னாள்: "மேகம் வந்து மூடிடுச்சு. என் கையே எனக்குத் தெரியல. கத்திக் கத்திக் கூப்பிட்டேன்."
'இதோ' என்று போனவன் முக்கால் மணி நேரம் கழித்து வந்தேன். மேலே எனக்கு நல்ல வெயில். கீழே மேகம் என்ன அழகு என்று ரசித்தேன் வேறு.

மார்ச் 12, புதன்
ஸ்டேட்டஸில் வைத்த அந்த உச்சிப் படத்துக்கு ஆபீசில் ஏகப்பட்ட பாராட்டு. மாமியாரும் போன் செய்தார்.
"மாப்பிள்ள, படம் ஜோரா இருக்கு. என் பொண்ணு எங்க அதுல?"
"அவதான் அத்தை எடுத்தா."
வாய் கூசாமல் சொன்னேன். திரும்பினால் இவள், கையில் மடித்த துணியோடு. அப்படியே உள்ளே போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.
படத்தில் என் காலடியில் பஞ்சு பஞ்சாக மேகம். அதற்குள்தான் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். சீ, நானெல்லாம் ஒரு மனுஷன்!

மார்ச் 15, சனி
மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "கேஸ் சிலிண்டர் தீரப்போகுதா?" என்று வந்தது.

மார்ச் 23, ஞாயிறு
மறுபடி மலைக்குப் போகலாம் என்றது இவள்தான். நடுப்பள்ளத்தில் நின்று, "நீங்க இங்க உக்காருங்க. நான் மட்டும் போயிட்டு வரேன்" என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஏது மூஞ்சி? உட்கார்ந்தேன். பளீரென்று வெயில். இருந்தும் அவள் தலை மறைந்ததும் எழுந்து நின்று எட்டி எட்டிப் பார்த்தேன்.
இறங்கி வந்தவள் போனை நீட்டினாள். உச்சியில் அவள் நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை. எல்லாமே மேலிருந்து கீழே எடுத்தவை. எல்லாவற்றிலும் கடுகளவு என் நீலச் சட்டை.
"நீங்க தெரியறீங்களான்னு பாத்துப் பாத்துதான் ஏறினேன். மேகம் வந்திருந்தா பாதியிலயே இறங்கியிருப்பேன்."
அன்று ஏறும்போது நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.
வீட்டுக்கு வந்ததும் மாமியாருக்குப் போன் போட்டேன். "அத்தை, அந்தப் படத்தை அவ எடுக்கல" என்று ஆரம்பித்தேன். இவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.