அடுத்த கட்டில்காரிக்காக

மதினி,

நேற்று மாலை எங்கள் லயத்து வீட்டுக் காம்பராவில் இருந்தது மூன்று பேர்: நான், என் வீட்டுக்காரர், உங்கள் மகள் ரோசலின். வேறு யாரும் இல்லை. ரோசலின் ஆஸ்பத்திரி வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். பிளேன்டீயை வாங்கக் கை நீட்டியபோது செனிடைசர் வாடை வந்தது. அது உங்கள் கையின் வாடை. நீங்கள் கண்ணை மூடியபின் அது இந்த வீட்டுக்கு வந்ததில்லை.

கொரோனாவுக்கு முன் உங்களிடமும் அந்த வாடை கிடையாது. நீங்கள் வேலை பார்த்த ஆஸ்பத்திரி வாட்டில் ஒட்டியிருந்த கைகழுவும் படத்தைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பீர்கள். "பெரிய நர்ஸ் மிஸ்ஸி வந்தா நாங்க கழுவுவோம். அவங்க போனா படம் மட்டும் கழுவிக்கிட்டு இருக்கும்."

பிறகு நோய் வந்தது. பயத்தில் எல்லோரும் கிளவுஸ் போட்டீர்கள். போட்டதைக் கழற்றத்தான் யாருக்கும் மனம் வரவில்லை. ஒரே சோடியோடு எல்லாக் கட்டிலுக்கும் போய் வந்தீர்கள். வீடு திரும்பினால், அந்தக் குளிரிலும் பீலித் தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் வாசல் ஏறுவீர்கள்.

ஒருநாள் குளித்து வந்து, தலை துவட்டாமலே சொன்னீர்கள். கொழுந்து பறிக்கிற ஒரு பெண், காலில் புண்ணோடு கிடந்தவள், காலைத் தூக்கிப் பிடிக்கப் போன உங்களைத் தடுத்தாளாம். "அங்கிட்டு சளி தொடச்ச கையோட என் புண்ணுகிட்ட வராதீங்க. அந்த உறை ஒங்களுக்குத்தானே காவல், எனக்கில்லையே." நீங்கள் அதைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கை கழுவினீர்கள்.

"இத்தன நாளும் எனக்காகத்தான் கழுவியிருக்கேன் புள்ள. அடுத்த கட்டில்காரி நெனப்பே வரல" என்றீர்கள்.

நோய் அடங்கியதும் வாட்டு பழையபடி ஆனது. நீங்கள் மட்டும் கட்டிலுக்குக் கட்டில் கழுவினீர்கள். "கொரோனா அக்கா வருது, தண்ணி டேங்க் காலி" என்று மற்றவர்களின் கேலி வேறு. மாதா கோயில் வாசலில் கொரோனாவால் வற்றிக் கிடந்த தீர்த்தத் தொட்டியை மறுபடி நிரப்பியபோதும் நீங்கள் விரல் வைக்கவில்லை. கும்பிட்டுவிட்டு உள்ளே போனீர்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. "ஆண்டவருக்குக் கோவம் வராது. எத்தன கை விழுது பாரு" என்றீர்கள்.

இப்போது ரோசலினுக்கு வேலை பழக்குவது உங்களோடு வேலை பார்த்த கூட்டாளி மேரி அக்கா. ஒரே கிளவுஸோடுதான் வரிசை முழுக்கப் போகிறாராம். நேற்று ஆபரேஷன் முடிந்து வந்த ஒரு தாயின் கட்டிலுக்கும் அப்படியே போயிருக்கிறார்.

"சொன்னேன்னா, நேத்து வந்தவ எனக்குப் பாடம் எடுக்குறியான்னு கேப்பாங்க அத்தை. அவங்க ஒரு வார்த்த சொன்னா என்ன வேலய விட்டு நிப்பாட்டிருவாங்க. அம்மா செத்தப்போ நம்ம வீட்டுலயே ஒத்தாசையா கெடந்தவங்க வேற."

"வாய வச்சுக்கிட்டு சும்மா இரு. மொதல்ல வேல நிரந்தரமாகட்டும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"அந்த அம்மாவுக்குப் புண்ணு பழுத்தா, மாமா?"

அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோசலின் என்னைப் பார்த்தாள். செபம் பண்ணிச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

தீர்த்தத் தொட்டியில் நான் இன்றும் விரல் வைக்கிறேன், மதினி. ஆனால் வைக்குமுன் கையைத் திருப்பிப் பார்க்கிறேன். உங்களிடமிருந்து எனக்கு வந்தது அவ்வளவுதான். உங்கள் பிள்ளைக்குச் சொல்ல அது போதுமா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை அவளுக்கு வேலை. அதற்குள் பதில் சொல்லுங்கள்.