கோழி அடைந்த ஜீப்

ஆவணி 11, ஞாயிறு

காலையில் தூறல். கோழிக் கொட்டகைக்கு ஓலை மாற்றலாம் என்றிருந்தேன், நடக்கவில்லை. பத்து மணிக்கு அண்ணன் ஜீப்பை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பழைய மிலிட்டரி ஜீப். அண்ணன் தோட்டத்தில் பத்து வருசமாகக் கோழி அடைந்தது. பின்னால் எச்சம் ஒரு சாண். தரைத் தகடு துருப்பிடித்து ஓட்டை. உட்கார்ந்து காலை விட்டால் மண்ணில் நிற்கலாம். கேட்டு வாங்கியது நான்தான். இடம் காலியானதில் அண்ணிக்குச் சந்தோஷம்.

இவர், என் வீட்டுக்காரர், வேப்பமரத்தடியில் நின்று பார்த்தார். கிட்டே வரவில்லை.

"ஓட வெச்சுட்டீங்கன்னா உங்களுக்கே மாப்ளே. இல்லீன்னா பழைய இரும்புக்குப் போட்டுருங்க," என்றார் அண்ணன்.

"பாக்கறனுங்க மச்சான்."

வேறு யாரிடமும் சொல்ல முடியாது, இங்கே எழுதி வைக்கிறேன். இவர் போர்வெல் லாரி ஓட்டியவர். போன வருசம் மாசியில் ஆந்திராவில் ஒரு வளைவில் லாரி இடப்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. இவருக்குச் சிராய்ப்பு. இடப்பக்கம் உட்கார்ந்திருந்த, கூட வேலை பார்த்த சின்னசாமிக்கு முழங்காலுக்குக் கீழே கால் போயிற்று. அன்றிலிருந்து இவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. சின்னசாமியைப் போய்ப் பார்க்கவும் இல்லை. இருப்பது சங்ககிரியில், பஸ்ஸில் அரை மணி. திருச்செங்கோட்டுக்கு எல்லோரும் பஸ்ஸில் போனால் இவர் நடந்து போகிறார்.

ஜீப் ஓடினால் ஓட்டித்தானே ஆக வேண்டும். அவ்வளவுதான் என் யோசனை.

ஆவணி 13, செவ்வாய்

நல்ல வெயில். எழுந்து பார்த்தால் ஜீப்பின் பானெட் திறந்திருக்கிறது. இவர் தலை உள்ளே.

உள்ளிருந்து எடுத்தவை: கோழி இறகு ஒரு முறம். கூமுட்டை மூன்று. எலிக்கூடு ஒன்று. அண்ணி ரெண்டு வருசமாகத் தேடுகிற குழம்புக் கரண்டி. (கேட்டால் கொடுக்கலாம்.)

இதில் ஸ்டியரிங் இடப்பக்கம். இப்போதுதான் கவனித்தேன்.

ஆவணி 22, வியாழன்

போல்ட்டுகள் மண்ணெண்ணெயில் ஊறுகின்றன. என் நல்ல குண்டா ஒன்று போயிற்று. நானும் உப்புத்தாள் வைத்துத் துருத் தேய்த்தேன். கை, சேலை, மூக்கு எல்லாம் செந்தூள்.

கார்புரேட்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் எனக்கு விளக்கினார். பதினெட்டு மாசத்தில் இவர் வாயிலிருந்து இவ்வளவு பேச்சு வந்ததில்லை. கார்புரேட்டர் எதற்கென்று இன்னும் புரியவில்லை. இன்னொரு தடவை கேட்பேன்.

ஆவணி 29, வியாழன்

தரைக்குத் தகடு அடிக்க திருச்செங்கோட்டு லாரிப் பட்டறையிலிருந்து டிங்கர் ராசு வந்தார். போர்வெல் லாரிக்கு அடித்துப் பழகிய கை. அதே கனத்தில் தகடு கொண்டுவந்து ஜீப்புக்கும் வெல்டிங் வைத்துவிட்டார். ஜீப், கன்று போடப் போகும் எருமை மாதிரிப் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது.

"ஏனுங்க ராசு, இதுல என்ன பாறையா தொளைக்கப் போறோம்?" என்றார் இவர்.

"ஸ்ட்ராங்கா இருக்கட்டும்னு பாத்தனுங்க."

அத்தனையும் அறுத்தெடுத்து மெல்லிய தகடு வைக்கிறார்கள். இவர் சிரித்ததைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி தண்ணீர் எடுக்கப் போனேன்.

புரட்டாசி 4, புதன்

மோடம், வெயிலே இல்லை. கிராங்க் கம்பி போட்டு இவர் சுற்ற, பதினோராவது சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது! புகை, சத்தம், கொட்டகையில் கோழிகள் ரகளை. நாளைக்கு முட்டை குறையும், குறையட்டும்.

ரேடியேட்டர் ஒழுகியது. மஞ்சள்தூள் போட்டால் அடைத்துக்கொள்ளும் என்றார் ராசு. நம் வீட்டில் மஞ்சளுக்கா பஞ்சம், ஒரு கையள்ளிப் போட்டேன். ஒரு ஸ்பூன் போதுமாம். கொதித்து மூடியைத் தள்ளிக்கொண்டு வாசலெல்லாம் மஞ்சள் தண்ணீர். இவரிடம் திட்டு. ஆனால் ஒழுகல் நின்றது.

புரட்டாசி 14, சனி

புரட்டாசி சனி, முட்டையைச் சீந்துவாரில்லை. தட்டு தட்டாக அடுக்கிக் கிடக்கிறது.

ஜீப்புக்குப் பச்சைப் பெயிண்ட் காய்ந்துவிட்டது. பிரேக் பிடிக்கிறது. டயர் வந்துவிட்டது. ஆனால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது. திங்கள்: பிளக் இடைவெளி சரியில்லை. புதன்: கிளச்சு உரசுகிறதாம். நேற்று: கதவே இல்லாத வண்டியில் என்னவோ ஆடுகிறதாம். மாட்டுகிறார், கழற்றுகிறார்.

எனக்குப் புரிந்துவிட்டது. இப்படியே பொங்கல் வரை கழற்றுவார்.

புரட்டாசி 17, செவ்வாய்

சாயங்காலம் மழை. கேட்டேவிட்டேன்.

"எப்பங்க ஓட்டறது?"

துணியால் ஸ்டியரிங்கைத் துடைத்தார். அப்புறம்: "லாரில சின்னசாமி உக்காந்த பக்கம், இதுல டிரைவருக்கு. உழுந்தா எனக்குத்தான் அடி. அதனாலதான் புள்ள இதுல கை வெச்சேன்."

"அப்ப ஓட்டுங்களே."

"பக்கத்துல எவனாச்சும் உக்காருவானே."

அடுப்படிக்குப் போய் அழுதேன். கோபமும்தான்.

புரட்டாசி 22, ஞாயிறு

வீடு மெழுகினேன். நாளை மறுநாள் ஆயுத பூசை. சாமிக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை யாரும் தொடக் கூடாது. ஒரு யோசனை வந்திருக்கிறது.

வாங்க: பொரி, கடலை, பூசணிக்காய், சந்தனம், எலுமிச்சை 4. (நல்ல சாறுள்ளதாக.)

புரட்டாசி 25, புதன்

நேற்று எழுதவில்லை. இந்த நோட்டும் பேனாவும் பூசையில் இருந்தன. நேற்று நடந்தது:

இவர் குளிக்கப் போன நேரம் ஸ்பேனர், ஜாக்கி, சுத்தியல், திருப்புளி, ஒன்று விடாமல் பொறுக்கிச் சாமி முன்னால் அடுக்கினேன். கிராங்க் கம்பியை மட்டும் வண்டியிலேயே விட்டேன். ஜீப்புக்குச் சந்தனம், குங்குமம், மாலை. நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சை.

தீபாராதனை முடிந்ததும் இவர் குனிந்தார். "முன் வீல் நட்டு லூசாட்டம் இருக்குது. ஸ்பேனரக் கொண்டா."

"சாமிக்கு வெச்சத எப்படிங்க எடுக்கறது? நாளைக்குத்தான்."

என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது அவருக்கு.

"பழத்த நசுக்காம உடக்கூடாதுங்க," என்றேன்.

"தள்ளி நசுக்கிக்கலாம்."

"தள்ள ஆளு யாரு? நானே ஓட்டறனுங்க." ஏறி உட்கார்ந்தேன். எதையோ அமுக்கினேன், ஹாரன் அடித்தது.

"எறங்கு புள்ள, கியர்ல கெடக்குது!"

நியூட்ரலில் தள்ளி, போய்க் கிராங்க் சுற்றினார். மூன்றாவது சுற்றில் பிடித்தது. என்னை இறக்கிவிட்டு அவர் உட்கார்ந்தார். வெகுநேரம் உட்கார்ந்தே இருந்தார். நான் மனசுக்குள் முருகனைக் கூப்பிட்டேன். வண்டி நகர்ந்தது. நாலு பழமும் பச், பச்சென்று. ரெண்டு முழம் போய் நிறுத்தினார். நான் பொரி எடுக்க உள்ளே போய்விட்டேன்.

இன்று: விடிந்ததும் ஸ்பேனரை எடுத்து அந்த நட்டை முடுக்கினார். நிஜமாகவே லூசுதானாம். எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மூடினார்.

"பொரி கடலை கொஞ்சம் பொட்டணம் கட்டு."

யாருக்கு என்று கேட்கவில்லை. ஒன்பது மணிக்குக் கிளம்பினார். ஜீப் சங்ககிரி ரோட்டில்தான் திரும்பியது.

மணி ரெண்டு. மழை பிடித்துக்கொண்டது. ஜீப்புக்கு இன்னும் கித்தான் கூரை தைக்கவில்லை. ரோடு வழுக்கும். என் பேச்சைக் கேட்டுப் போனவர். பயமாக இருக்கிறது. எழுதினால் கொஞ்சம் அடங்குகிறது. கோழிக்குத் தீவனம் வைத்தாயிற்று. வாசலுக்கு நாலு தடவை போய் வந்தாயிற்று. உலை—

ஹாரன். ஜன்னல் வழியாகத் தெரிகிறது. ரெண்டு பேரும் தொப்பலாக. வலப்பக்கச் சீட்டில் சின்னசாமி, ஊன்றுகோல் வெளியே நீட்டிக்கொண்டு. அங்கிருந்தே கத்துகிறார்: "அக்கா, அண்ணனுக்கு ஓட்டறதே மறந்து போச்சுங்க! ஒரு குழி உடாம எறக்கிக் கூட்டியாந்துட்டாருங்க!"

அரிசி இன்னும் அரைப்படி போட வேண்டும்.