வீட்டுத் தரகர் ராஜாமணி, தையல்கார ஆபா வீட்டு விலாசம்

அன்புள்ள ஆபா,

இன்று மதியம் மருமகள் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாசனை முன்னறைவரை வந்தது. அங்கே மகன், தன் நிலத் தரகு ஆபீசுக்கு அடிக்கப்போகும் நோட்டீஸை எனக்குப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தான். "நம்பிக்கைக்கும் நாணயத்துக்கும் பேர்பெற்ற..." என்று ஆரம்பித்தான். அதற்கு மேல் என் காதில் ஏறவில்லை. அந்த எண்ணெய் வாசனையோடு நான் அந்தக் காலத்து உங்கள் வீட்டுக்குப் போய்விட்டேன்.

உருதுவில் அக்காவை ஆபா என்பார்கள் என்று நீங்கள் சொன்ன நாளிலிருந்து எனக்கு நீங்கள் ஆபாதான். நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். தருமபுரி தனி மாவட்டமான புதிது அது. ஆபீஸ்கள் வந்தன, மாற்றலாகி வந்த குடும்பங்கள் வாடகைக்கு வீடு தேடி அலைந்தன. தரகு பார்த்துவந்த என் கணவர், பெங்களூரில் பெரிய வியாபாரம் கிடைத்திருக்கிறது என்று பஸ் ஏறியவர் திரும்பி வரவே இல்லை. கடிதமும் இல்லை. கையில் பச்சைக் குழந்தை. ரவிக்கை தைக்க உங்களிடம் வந்த பெண்கள் வீடு இருக்கிறதா என்று கேட்டால், "பக்கத்து வூட்டுல ஒரு பொண்ணு இருக்குது, அதுக்குத் தெரியாத வூடு இந்த ஊர்ல இல்லீங்க" என்று என்னிடம் அனுப்பினீர்கள். அப்படித்தான் நான் தரகரானேன்.

கொஞ்சம் பிழைப்பு நிமிர்ந்ததும் பேச்சு கிளம்பியது. "புருசன் ஓடிப்போனவ காட்டுற வூட்டுல யாருய்யா குடிபோவாங்க?" என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மற்ற தரகர்கள் சொல்ல, பேசி முடிந்த இடங்கள்கூடக் கைநழுவின. சேலத்துத் தரகர் ஒருவர் தன் படத்தோடு, தன்னைப் பற்றி நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் கொடுத்ததைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. அச்சகக்காரர் நல்ல மனுஷர்தான். என் கதையைக் கேட்டுவிட்டு, யோசித்து அவரே எழுதிக்கொடுத்தார். அந்தத் தாளை உங்களிடம் கொண்டு வந்தேன்.

உங்களுக்குத் தமிழ் படிக்க வராது. மெஷினை நிறுத்திவிட்டு, "படி, கேக்கறேன்" என்றீர்கள்.

"பல்லாண்டு அனுபவமும் பொதுமக்களின் நன்மதிப்பும் பெற்றவரும், காலஞ்சென்ற பிரபல தரகரின் மனைவியுமான திருமதி ராஜாமணி..."

"நில்லு. காலஞ்சென்றன்னா என்னா?"

"செத்துப்போனவருன்னு அர்த்தம் ஆபா. அப்படிப் போட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்களாம். விதவைன்னா இரக்கப்படுவாங்களாம்."

நீங்கள் தாளை வாங்கி மெஷின்மேல் வைத்தீர்கள். பிறகு மெதுவாகத்தான் சொன்னீர்கள். "எங்கயோ உசுரோட இருக்குற மனுசனைக் கொல்லாதம்மா. உன் வூட்டைப் பத்தியே பொய் சொன்னீன்னா, நீ காட்டுற வூட்டைப் பத்தி யாரு நம்புவாங்க?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அப்ப என்னான்னு போடறது? இன்னார் பொண்டாட்டின்னு போட எனக்கு மனசு வரல ஆபா."

"ஏன் போடணும்? ராஜாமணின்னு போடு. அவங்க உன்கிட்ட எதுக்கு வர்றாங்க? அதைச் சொல்லு, போதும்."

நான் சொல்லச் சொல்ல, நீங்கள் இது வேண்டும், இது வேண்டாம் என்றீர்கள். பல்லாண்டு அனுபவம் போயிற்று. நன்மதிப்பும் போயிற்று. கடைசியில் நின்றது இவ்வளவுதான்: "ராஜாமணி. தருமபுரியில் பிறந்து வளர்ந்தவள். வாடகை வீடும், விலைக்கு மனையும் பார்த்துத் தருகிறேன். கோடையில் கிணறு வற்றுமானால் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். பெண்கள் தனியாக வந்தாலும் கூட்டிப்போய்க் காட்டுவேன்." நன்றாகச் சமைப்பேன் என்பதையும் சேர்க்கச் சொன்னீர்கள். அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

விலாசத்துக்கு உங்கள் வீட்டைப் போடச் சொன்னதும் நீங்கள்தான். என் வாசலில் ஆண்கள் வந்து நின்றால் பேச்சு வளரும் என்று உங்களுக்குத் தெரியும். தகரப் பெட்டிக் கடை வைத்திருந்த உங்கள் வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. "நம்ம வாசல்ல கண்டவங்களும் வந்து நிப்பாங்களே" என்றார். நீங்கள் உருதுவில் ஏதோ சொன்னீர்கள், எனக்குப் புரியவில்லை. மறுநாள் காலையில் பாயே ஒரு பெஞ்சைத் தூக்கி வந்து வாசலோரம் போட்டு, "எதுக்கு நிக்கணும்? உக்காரட்டும்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார்.

நோட்டீஸைப் பார்த்து முதலில் வந்தவர் இண்டூர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலான ஒரு டீச்சர். கல்யாணமாகாதவர். தனியாக இருக்கும் பெண்ணுக்கு யாரும் வீடு தரவில்லை. தாளைக் கையில் மடித்து வைத்திருந்தார். "தனியா வந்தாலும்னு போட்டிருக்கீங்களே, நிஜமாங்களா?" என்று கேட்டார். அலைந்து அலைந்து அவருக்கு ஒரு வீடு பிடித்தேன். அவர் சொல்லி நர்ஸுகள் வந்தார்கள், ஆபீஸில் டைப் அடிக்கிற பெண்கள் வந்தார்கள். அவர்களுடைய அப்பாக்களும் அண்ணன்களும் மனை வாங்க வந்தார்கள். அரூர்வரை போய் இடம் காட்ட ஆரம்பித்தேன்.

சில வருஷம் கழித்து ஒரு மழைநாளில் அந்த பெஞ்சில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். நீங்கள் உள்ளேயிருந்து வந்து என் பக்கத்தில் நின்றீர்கள்.

"வூட்டுக்குப் போலாம் ராஜாமணி" என்றார்.

"அது என் வூடுங்க. உங்களுக்கு வேற வூடு பாத்துத் தரேன்."

என் வாயா அப்படிச் சொன்னது என்று எனக்கே திகைப்பு. பின்தெருவில் ஓர் அறை பிடித்துக் கொடுத்தேன். அவர் காலம் முடியும்வரை வேளாவேளைக்குச் சோறு போயிற்று, அதற்கு மேல் எதுவும் என்னால் முடியவில்லை. நீங்கள் 'அன்னிக்கே சொன்னேன்ல' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அந்த ரூம்ல தண்ணி வருதா?" என்று மட்டும் கேட்டீர்கள். சிரித்தோம். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. என் தலையை உங்கள் மடியில் வைத்துக்கொண்டீர்கள்.

நீங்கள் போன அன்று நான் அரூரில் மனை காட்டிக்கொண்டிருந்தேன். தகவல் கிடைத்து பஸ் பிடித்து வருவதற்குள் உங்களைக் கொண்டுபோய்விட்டார்கள். முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் குறை எனக்குத் தீராது.

இப்போதும் புதிதாகப் பழகுகிறவர்கள், "வீட்டுக்காரர் என்ன வேலையில இருந்தாருங்க?" என்று கேட்பார்கள். விட்டுட்டுப் போனாரு, அப்புறம் வந்தாரு, தனியாத்தான் இருந்தாருங்க என்று நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். சிலர் முகம் மாறும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே முழுவதும் சொல்லி முடிக்க என்னால் முடிகிறது, ஆபா. குரல் இறங்குவதில்லை.

உங்கள்,
ராஜாமணி