பேத்தியோடு கதைக்கப் பிரெஞ்சு

ஜூன் 7, சனி
விடிய மழை. தகரக் கூரைச் சத்தத்தில் பாடம் பாதி காதில் விழவில்லை. இரண்டாம் தரம் போட்டுக் கேட்டேன். போன் பாடத்தில் அது ஒரு வசதி, மிஸ்ஸுக்குக் கோபம் வராது.

இன்று படித்தது:
ழபித் – நான் வசிக்கிறேன்
அபித் – வசிக்கிறார்
ஷே – இன்னார் வீட்டில்
ழபித் ஆ கொழும்பு. நான் கொழும்பில் வசிக்கிறேன். கொட்டாஞ்சேனை என்று சொன்னால் பிரான்ஸ்காரருக்கு விளங்காதாம்.

மிஸ் வெள்ளவத்தையில் இருந்து நடத்துகிறார். மலிவு. சுருட்டை விட்ட காசிலேயே கட்டலாம். வகுப்பில் மற்ற எல்லாரும் புருஷனிடம் போக விசாவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள். ஒருத்தி கேட்டாள், "அங்கிள், உங்களுக்கும் அங்க பொம்பிளை பாத்திருக்கோ?" எல்லாரும் சிரிப்பு. நானும்.

எனக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. மிஸ் எனக்கு மட்டும் பிரெஞ்சைத் தமிழ் எழுத்தில் எழுதி அனுப்புகிறார். தமிழ் எழுத்தே கோவில் மண்டபத்து வகுப்பில் இப்போதுதான் படித்தது. துறைமுகத்தில் வேலை செய்த காலம் முழுக்கக் கையெழுத்துக்குப் பெருவிரல்தான். இப்போது பஸ் போர்டு எல்லாம் வாசிக்கிறேன். தேவையில்லாத பஸ்ஸையும் வாசிக்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு
மகள் ரெஜினா பாரிஸில் இருந்து வீடியோ கோல் எடுத்தாள். (இனி ரெ. என்று எழுதுவேன். ஜி இன்னும் கோணுகிறது.) பேத்தி லெயாவுக்கு ஆறு வயது. தமிழ் கொஞ்சம் விளங்குமாம், வாயில் வராது. மருமகன் அங்கே பிறந்தவன், வீட்டில் பிரெஞ்சுதான். இவ்வளவு காலமும் பிள்ளை சொல்வதை ரெ. தான் எங்களுக்குத் தமிழில் சொல்லுவாள்.

"தோத்திரம் சொல்லு" என்று ரெ. சொல்ல, பிள்ளை கை கூப்பியது. நான் வழக்கம் போலப் போன் கண்ணாடியில் அதன் நெற்றிக்குச் சிலுவை போட்டேன். போட்ட விரல் பட்டு கோல் கட்டாகிவிட்டது. என் மனுசி பிலோ ஏச்சு.

பிரெஞ்சு படிப்பது பிலோவுக்கு மட்டும் தெரியும், ரெ.க்கு இன்னும் சொல்லவில்லை. அடுத்த கிழமை திடீரென்று கதைக்க வேண்டும்.

ஜூன் 11, புதன்
பிரெஞ்சு ‘ர’ தொண்டைக்குள் இருந்து வரவேண்டும். காலை முழுக்கப் பயிற்சி. பிலோ குசினியில் இருந்து, "இஞ்சேருங்கோ, திரும்ப இருமலோ?" கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன். ‘ர’ நன்றாக வந்தது.

ஜூன் 13, வெள்ளி
அந்தோனியார் திருநாள். சனம். செருப்பு ஒன்று போய்விட்டது. பிலோவுக்குத் தலைசுற்று, ஓரமாக இருத்தினேன். போன வருஷம் விழுந்த பிறகு பிரஷர் குளிசை இரண்டு நேரம். அதிர்ச்சியான கதை ஒன்றும் சொல்லக்கூடாது என்று டாக்டர். ரெ.யும் அன்றிலிருந்து நல்ல கதை மட்டும்தான் சொல்லுகிறாள்.

ஜூன் 15, ஞாயிறு
மெதுவாக எழுதுகிறேன். 

பின்னேரம் கோல். அங்கே இன்று தகப்பன்மார் தினமாம். லெயா பள்ளிக்கூடத்தில் செய்த மட்டைச் சட்டை ஒன்றைத் தூக்கிக் காட்டியது. கழுத்தில் சின்ன டை. அது யாருக்கு என்று பிரெஞ்சில் ஆசையாகக் கேட்க வாய் திறந்தேன். அதற்குள் பிள்ளை சொன்னது.

பாபா அபித் ஷே நத்தாலி.

ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. அப்பா நத்தாலி வீட்டில் வசிக்கிறார்.

ரெ. உடனே தமிழில், "அப்பா வேலைக்குப் போட்டாராம், வந்தாப் பிறகு குடுக்கப் போறாவாம்" என்றாள். முகம் சிரித்தபடி.

பிலோ என்னை இடித்து, மெல்லக் கேட்டாள். "உங்களுக்கு விளங்கிச்சோ?"

"ஓம். வேலைக்குப் போட்டாராம்."

பிலோவுக்குப் பெருமை. பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள், இவர் பிரெஞ்சு பிடிச்சிட்டார் என்று.

கோலில் நான் ஒரு பிரெஞ்சுச் சொல்லும் பேசவில்லை.

ஜூன் 16, திங்கள்
பாடத்தைத் திரும்பப் போட்டேன். ‘ஷே’க்கு வேறு பொருள் இருக்கும். மிஸ்ஸுக்குக் குரல் பதிவு அனுப்பினேன். பதில்: "இல்லை அங்கிள், இன்னார் வீட்டிலதான். வடிவா விளங்கியிருக்கிறீங்கள்." கை தட்டுகிற படமும்.

நத்தாலி ஒரு சொந்தக்காரியாக இருக்கலாம். வேலை செய்யும் இடத்துப் பெயராக இருக்கலாம்.

மருமகன் கடைசியாகப் போனில் வந்தது எப்போது? நத்தார் பண்டிகைக்கு. பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வேலை. நான் துறைமுகத்தில் இரவும் பகலும் கிடந்தவன். எனக்கே ஞாயிறு இருந்தது.

ஜூன் 18, புதன்
பாண் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய், கடைக்குப் பின்னால் நின்று ரெ.க்கு நானே போன் எடுத்தேன். நேராகக் கேட்பதாக நினைத்தேன்.

"சாப்பிட்டியா பிள்ளை?"

"ஓம் அப்பா. ஏன் இந்த நேரம்? அம்மாவுக்கு ஏதுமோ?"

"இல்லை. மழை."

அவ்வளவுதான். உன் புருஷன் உன்னை விட்டுப் போய்விட்டானா என்று ஒரு தகப்பன் எந்த வாயால் மகளிடம் கேட்பது? தமிழில் எனக்கு அது வரவில்லை. தனியாக ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு, வேலைக்கும் போய், ஞாயிற்றுக்கிழமை தலை இழுத்து, பொட்டு வைத்து, எங்களுக்காகச் சிரிக்கிறாள்.

பாண் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி
வெயில். உடுப்புக் காய்ந்தது.
மிஸ்ஸிடம் இரண்டு வசனம் கேட்டு வாங்கினேன். பயிற்சிக்கு என்று சொன்னேன்.

ழு ஸே – எனக்குத் தெரியும்
வியன் ஆ லா மேஸோன் – வீட்டுக்கு வா

குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். சாமான் வாங்கும்போது சொல்லிப் பார்த்தேன். கடை முதலாளி "மொகத, ஐயா?" என்றார், என்ன என்று சிங்களத்தில். கீரை என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு
பூசை. பிரசங்கம் ஞாபகம் இல்லை.

பின்னேரம் கோல். பிலோ பக்கத்தில். லெயா தோத்திரம் சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டது. பிலோ மருமகனைக் கேட்டாள். "நைட் ஷிஃப்ட் அம்மா, படுத்திருக்கிறார்" என்றாள் ரெ.

நான் சொன்னேன். "ரெஜினா, ழு ஸே."

அவள் முதலில் சிரித்தாள். அப்பா எப்ப படிச்சனீங்கள் என்று கேட்கத் தொடங்கினாள். நான் நிறுத்தவில்லை. "பாபா அபித் ஷே நத்தாலி. ழு ஸே. வியன் ஆ லா மேஸோன்."

சிரிப்பு நின்றது. பிலோ எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள், கோவிலில் லத்தீன் பூசை கேட்பது போல, முகம் எல்லாம் சந்தோஷம்.

ரெ. மெதுவாக, "மமோன் ஸே?" என்றாள். அம்மாவுக்குத் தெரியுமா.

"நோன்." இல்லை.

பிறகு அவள் பிரெஞ்சில் கனக்கச் சொன்னாள். வேகமாக. என் பாடத்தில் இல்லாத சொற்கள். எனக்கு விளங்கியது ‘பாபா’ மட்டும். அது மருமகனையா என்னையா என்று தெரியவில்லை. நான் எல்லாவற்றுக்கும் "வீ, வீ" என்றேன். ஓம், ஓம். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"ஏன் பிள்ளை அப்பிடிச் செய்யுது?" என்றாள் பிலோ.

"என்ட பிரெஞ்சைக் கேட்டுச் சிரிக்கிறாள்."

பிலோ போனைத் தன் பக்கம் திருப்பி, கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுச் சொன்னாள்:

"சிரிக்கட்டும். இன்னும் கொஞ்சம் கதையுங்கோ. அவள் இப்பிடிச் சிரிச்சுக் கனநாள்."