குளிரின் மேல் போட்ட பழி

அன்புள்ள உங்களுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? அத்தையின் மூட்டுவலி தேவலையா? இங்கே நான் நலம். தேவாலாவில் மழைதான் விடவில்லை.

எங்கள் தேயிலை ஃபேக்டரி மேனேஜர் தினகரன் அடிக்கடி எழுந்து சிறுநீர் கழிக்கப் போவார். "ஏனுங்க சார், மீட்டிங்கை பாத்ரூம் பக்கத்துலயே வெச்சுக்கலாமுங்களா?" என்று என்னோடு வேலை செய்யும் விஜயா ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"இந்தக் குளிருக்கு எல்லாருக்கும் அப்படித்தானுங்க" என்றார்.

போன மாதம் அவர் திருப்பூர் வெயிலில் தன் மகள் வீட்டில் தங்கியபோதும் அதே கதைதான். பரிசோதித்ததில் புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருந்தது. பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரையில் தேறிவிட்டார். இதற்கு நல்லது என்கிறார்களே என்று பூசணி விதை பற்றி டாக்டரிடம் கேட்டாராம். "சாப்பிடுங்க, ஆனா அதை நம்பி மாத்திரையை விட்டுறாதீங்க. சாயந்திரத்துக்கு மேல காபியைக் குறைங்க, தினமும் நடங்க" என்றாராம்.

சித்திரையில் வந்தபோது நம் வீட்டு அலமாரியிலும் பூசணி விதையைப் பார்த்தேன். இரவில் நீங்கள் எழுந்து எழுந்து போனதும் தெரியும். கேட்கக் கூச்சமாக இருந்தது. ஈரோட்டில் பழி போடக் குளிரும் கிடையாது. விதையைத் தின்னுங்கள், டாக்டரையும் பாருங்கள்.

என் கம்பளிச் சால்வை தேவைப்படுகிறது. பார்சலில் அனுப்ப வேண்டாம், நீங்களே கொண்டுவாருங்கள். உங்களிடம் டாக்டர் சொன்னதை நேரில் கேட்க வேண்டும். ஃபேக்டரி ஜீப் வந்துவிட்டது.

உங்கள்
வாசுகி