பாதாமுக்கு இன்னொரு குட்டி வேண்டுமா, அத்தான்?

என் பிரியமான அத்தானுக்கு,

பாதாம் நலமாக இருக்கிறாள். லோத்குண்டா லாயத்தில் அதே இடத்தில்தான் கட்டியிருக்கிறோம். வேறு யார் தீனி வைத்தாலும் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், பசித்ததும் தின்றுவிடுகிறாள். அக்காவும் ஏறக்குறைய அப்படித்தான்.

பாதாம் ஜெயித்த கதையை எழுதுவது எனக்குச் சுலபம். வண்டிப் பந்தயத்தில் குதிரை சீரான ஓட்டநடையில் போக வேண்டும்; பாய்ச்சலுக்கு மாறினால் ஆட்டத்தில் இல்லை. பின்னால் சக்கரச் சத்தம் நெருங்கியதும் மற்றக் குதிரைகள் பாய்ந்துவிடும். இவள் பாய மாட்டாள். லாலாகுடா ரயில் பணிமனையில் ஷிப்ட் முடித்து வந்து நீங்கள் பழக்கியவள். முன்னங்கால் வீங்கி ஓய்வு கொடுக்கும் வரை அவளை முந்தியவர்கள் குறைவு.

குட்டிகளின் கதைதான் குழப்பம். மூத்தது பாய்ச்சலை விடவேயில்லை. அதை பேகம்பேட்டில் கல்யாண ஊர்வலத்துக்கு வைத்திருக்கிறார்கள். "மாப்பிள்ளைங்க பாவம்" என்கிறார் உங்கள் லாயக்காரர் சலீம் பாய். இரண்டாவதுக்கு அம்மாவின் நடை. வாங்கியவருக்கு ஜெயித்துக் கொடுக்கிறது. மூன்றாவது வயிற்றில் குறுக்கே கிடந்து செத்துப் பிறந்தது. பாதாமும் அன்றே போயிருப்பாள்.

சில நாளாக ஓர் ஆண்குதிரைக்காரர் என் போனுக்காகக் காத்திருந்தார். இனி சினையானால் பாதாம் பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம் என்கிறார் டாக்டர்.

"எங்கிட்ட ஆஸ்பத்திரியில சொன்னாருடா, இன்னொரு குட்டி வேணும்னு. அவர் ஓட்டின குதிரையோட குட்டி ஒண்ணாவது நம்மகிட்ட இருக்க வேண்டாமா?" என்கிறாள் அக்கா. பிறகு, "நீயே முடிவு பண்ணு" என்று எழுந்து போய்விட்டாள்.

சலீம் பாய் தலையை ஆட்டினார். "நக்கோ சாப், வேணாம். குட்டி செத்த அன்னிக்கு, இனிமே இவளுக்கு இந்தக் கஷ்டம் வேணாம்னு எங்கிட்டதான் சொன்னாரு. நீங்க ரிப்போர்ட்டராச்சே, இதை இப்ப யார்கிட்ட போய் கன்ஃபர்ம் பண்ணுவீங்க?"

பத்திரிகையில் ஒருவர் கடைசியாகச் சொன்னதைத்தான் எடுத்துக்கொள்வோம். ஆனால் ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசிக் காய்ச்சலில் நீங்கள் வண்டி வாசலில் நிற்கிறதா என்றும் கேட்டீர்கள். என்னைப் பார்த்து யாரென்றும் கேட்டீர்கள். அந்த நேரத்தில் கேட்ட குட்டியை எப்படி எடுத்துக்கொள்வது? அல்லது மனசில் இருந்ததெல்லாம் அப்போதுதான் வெளியே வந்ததா?

இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை, அத்தான். இன்று காலை லாயத்தில் நின்று பாதாமையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஈயை விரட்டினாள். அவ்வளவுதான்.

வெளியே வந்து ஆண்குதிரைக்காரருக்கு போன் செய்து, வர வேண்டாம் என்றேன். சரியா என்று இன்னும் தெரியவில்லை. அக்காவிடம் இன்று சாயங்காலம் சொல்ல வேண்டும். நீங்கள் வேண்டாமென்று சொன்னதாகச் சொல்ல மாட்டேன். நான்தான் வேண்டாம் என்றேன் என்று சொல்வேன். அவள் திட்டட்டும், பேசாமல் இருக்கட்டும். இதில் உங்கள் பெயரை இழுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் தம்பி,
இன்னும் உங்களைக் கேட்டே முடிவெடுக்கப் பார்க்கும் மைத்துனன்