மூன்றாம் மாதம் வந்த அழைப்பு

மச்சான்,

இன்று காலை சிதம்பரம் மேல வீதியில் ஒரு வைண்டிங் கடையைத் தாண்டும்போது, மோட்டார் காயிலில் ஊற்றிய வார்னிஷ் சூடாகும் வாசனை வந்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். கடலூரில் உன் கடை வாசலில் நின்றாலே சட்டையில் ஏறிக்கொள்ளும் வாசனை அது. கடைக்காரர் வெளியே வந்து, "என்னா சார், மோட்டாரா?" என்றார். ஒன்றுமில்லை என்று கையசைத்துவிட்டு வந்தேன்.

அன்று உன் கடையில் நான் இருந்தது தற்செயல். பேசிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தினாய். கையிலிருந்த டெஸ்டர் கீழே விழுந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அடுத்தவரைப் பேசவே விடாத ஆள் நீ. என்னைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தாய்.

கடலூர் ஆஸ்பத்திரியில் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயில் அடைப்பு என்று சொல்லிப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். அங்கே தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு ரத்தக்கட்டியை எடுத்தார்கள். வெளியே வந்த டாக்டரம்மா, "அடைப்ப எடுத்தாச்சு, ரத்தம் நல்லா ஓடுது" என்றதும் உன் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப பழையபடி பேசுவாரா?"

"குழாய் தொறந்துடுச்சும்மா. மூளை எவ்ளோ திரும்பும்னு உறுதியா சொல்ல முடியல. வயசு கம்மி, அது நல்லது. ஆனா சர்க்கரை ஜாஸ்தி, ஸ்கேன்ல கொஞ்சம் எடம் ஏற்கெனவே போயிருக்கு. நடப்பாருன்னு நெனைக்கிறேன். பேச்சு, மூணு மாசம் போனாத்தான் தெரியும்."

நடந்தாய். முதலில் சுவரைப் பிடித்து, அப்புறம் என் தோளைப் பிடித்து, பிறகு தனியாக. பேச்சுதான் வரவில்லை. எதைக் கேட்டாலும் "சரி" என்ற ஒரே சொல். உன் மகள் மலர் மடியில் ஏறி, "என் பேரு சொல்லுப்பா" என்றாள். "சரி" என்றாய். தப்பாகச் சொன்னது உனக்கே தெரிந்தது. சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாய்.

பேச்சு வராதவர்களுக்குச் சில சமயம் பாட்டு வரும் என்று பயிற்சி கொடுக்க வந்த பெண் சொன்னாள். மலரைத் தூங்கவைக்க நீ முன்பு பாடிய மெட்டை உன் மனைவி தினமும் உன் காதருகே முணுமுணுத்தாள். ஒரு சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் மலர் அலைக்குள் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டாள். நீ பதறி எழுந்து, "மலரூ…" என்று அந்த மெட்டிலேயே கூப்பிட்டாய். உன் மனைவி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னொரு வாட்டி சொல்லு மச்சான்" என்றேன். சொன்னாய். சிரித்தாய்.

அடுத்த வாரமே சாப்பிடும்போது புரையேறியது. நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. அதோடு போய்விட்டாய்.

காரியம் முடிந்து சில நாளில் உன் போன் அடித்தது. உன் மனைவி எடுக்க மாட்டாமல் என்னிடம் நீட்டினாள். மருத்துவமனையிலிருந்து ஒரு பெண்.

"மூணு மாசம் ஆச்சு சார், எப்டி இருக்காருன்னு கேக்கணும். தானா நடக்குறாரா? பேசுறாரா?"

"நடந்தாரும்மா. பொண்ணப் பேரு சொல்லிக் கூப்ட்டாரு. இப்ப அவுரு இல்ல."

"மன்னிச்சிக்குங்க சார்" என்று வைத்துவிட்டாள்.

டாக்டரம்மா நினைத்தது பொய்க்கவில்லை மச்சான். நீ தேறத்தான் செய்தாய். தேறி வந்தவனைத்தான் தூக்கிக்கொண்டு போனோம். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

போன வாரம் மலர் கேட்டாள்: "மாமா, அப்பா என்னைய எப்டிக் கூப்டுவாரு?" சின்னப் பிள்ளை, அதற்குள் மறக்கத் தொடங்கிவிட்டாள். கூப்பிட்டுக் காட்டினேன். "இப்டி இல்ல மாமா" என்றாள். அவள் சொன்னது சரிதான். எனக்குள் கேட்பது உன் குரல். வாயைத் திறந்தால் வருவது என் குரல்.